நான்காம் படி: இருமல்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பாய்லர் பத்தொன்பது வருடமாக வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் விசாரணைக் குழு போட்டிருப்பார்கள், நாலு பேர் வந்து பார்த்திருப்பார்கள், பாய்லர் அறைக்கு ஒரு மின்விசிறியாவது கிடைத்திருக்கும். வெடிக்காததால் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பாய்லர்காரர் பத்தொன்பது வருடமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, துண்டால் வியர்வையைத் துடைத்தபடி வேலை பார்த்தார்.

அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாய்லரின் வயிற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. தண்ணீர் வற்றிய பாய்லருக்கு அடியில் தீ எரிந்தால் இரும்பு பழுத்து, கட்டடத்தோடு தூக்கியடித்துவிடும். ஆகவே அந்தக் கண்ணாடி பொய் சொல்லக் கூடாது. ஆனால் உப்புக் கசடு அடைத்துக்கொண்டால் கூசாமல் பொய் சொல்லும். பாய்லர் காய்ந்து கிடக்கும், கண்ணாடியில் மட்டும் தண்ணீர் பாதிக்கு நிற்கும். அதனால் பாய்லர்காரர் தினமும் காலை ஆறு மணிக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சின்னத் திருகைத் திறப்பார். ‘புஸ்’ என்று ஆவியும் வெந்நீரும் சீறிக்கொண்டு பாயும். மூடியதும் தண்ணீர் குதித்து மேலே ஏறினால் கண்ணாடியை நம்பலாம். பத்து நொடி வேலை.

சுவருக்கு அந்தப் பக்கம் சலவைக்கூடம். அங்கே பதினெட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தி பாய்லர்காரரின் மனைவி. சுவரை ஒட்டி நிற்கும், துணியைச் சூடாக அழுத்தித் தேய்க்கும் ஆவி உருளையில் படுக்கை விரிப்புகளைக் கொடுத்து வாங்குவது அவள் வேலை. காலையில் சுவரைத் தாண்டி அந்தப் ‘புஸ்’ கேட்ட பிறகுதான் உருளையைப் போடுவாள். இதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்களுக்குள் இப்படிச் சில ஏற்பாடுகள் தானாக வந்துவிடும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பயிற்சிப் பிரிவுத் தலைவர் மாநாட்டுக்குப் போகும் வரை.

இவர் ஆதியில் வருகைப் பதிவேடு பார்த்தவர். பிறகு பயிற்சி அலுவலர் ஆனார். போன வருடம் அவருடைய அறைக் கதவில் ‘கற்றல் மாற்ற இயக்குநர்’ என்று பலகை மாட்டினார்கள். மாநாட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு அவர் ஒரு கண்டுபிடிப்போடு திரும்பினார்: தொழிலாளிகளின் தலைக்குள் அறிவு இருக்கிறது. இத்தனை வருடம் அவர்களோடு புழங்கியும் தனக்கு இது தெரியாமல் போனதில் அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

“தலையில இருக்கற அறிவு ஆபத்துங்க,” என்று கூட்டம் போட்டுச் சொன்னார். “தலை லீவு போடும். தலைக்கு வயசாகும். ஒரு நாள் தலை ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போயிடும், அறிவையும் கூடவே எடுத்துட்டுப் போயிடும். அது நிர்வாகத்தோட சொத்து இல்லையா? அதை எடுத்துச் சுவத்துல மாட்டிட்டா, அப்புறம் தலையே தேவையில்லை பாருங்க.”

கை தட்டினார்கள். மாட்டப்பட வேண்டிய பொருளுக்கு ‘வழிகாட்டி’ என்று பெயர். ஒரு கேமரா, ஒரு திரை, ஒரு ஒலிபெருக்கி, பச்சையும் சிவப்புமாக இரண்டு விளக்கு. ஒவ்வொரு வேலையிலும் கைதேர்ந்த ஆள் ஒருவரை அது ஒரு நாள் முழுக்கப் பார்க்கும். அவர் செய்வதைப் படிப்படியாகப் பிரித்து முன்மாதிரியாக வைத்துக்கொள்ளும். பிறகு மற்றவர்கள் வேலை செய்யும்போது சுவரிலிருந்து பார்த்துத் திருத்தும், மார்க் போடும். தண்ணீர் வற்றினால் தீயைத் தானாக அணைக்கும் பழைய கருவி இரண்டு வருடமாகப் பழுதாகிக் கிடந்தது. அதை மாற்றக் கேட்டிருந்த தொகையில்தான் வழிகாட்டி வந்தது என்று கிடங்கில் பேசிக்கொண்டார்கள்.

பாய்லருக்கு முன்மாதிரி யார் என்ற கேள்வியே எழவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை படம் எடுக்க ஒரு பெண் வந்தாள். நல்ல மாதிரியான பெண். இருபது கிலோ சாமானைத் தானே தூக்கி வந்து, “அண்ணே, நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கங்க” என்றாள். ஆறடிக்குப் பத்தடி அறையில், கேமராக் காலும் விளக்குமாக நிற்கிறவள் இல்லை என்று நினைப்பது லேசான காரியமா? அன்றைக்குப் பார்த்துப் பாய்லர்காரருக்குக் கடுமையான சளி. தீயைக் கூட்டுவதற்கு முன் இருமினார். முதல் நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதில் இடுப்புப் பிடித்திருந்ததால் இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். ஆவிக் குழாயைத் திறக்கும்போது அந்தப் பெண் ரொம்பக் கிட்டே வந்துவிட்டாள். இடது பக்கம் திரும்பி, “கொஞ்சம் தள்ளி நில்லும்மா, சுட்டுடும்” என்றார்.

காலையில் அவள் வருவதற்கு முன்பே திருகைத் திறந்து பார்த்தாயிற்று. அவளுக்காக இன்னொரு தடவை திறக்கப் போனார்.

“அண்ணே, அது வேண்டாம்ணே. லென்ஸ்ல ஆவி படியுது. இப்பதான் மூணாவது தடவை தொடச்சேன்.”

“அதுதாம்மா முக்கியம். அது இல்லாம எப்படி?”

“அது தனியா அப்புறம் எடுத்துக்கலாம்ணே.”

சரி என்று விட்டுவிட்டார். அப்புறம் என்பது வரவே இல்லை. அந்தப் பெண்ணை அடுத்த நாள் பிரசவ வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதத்தில் பாய்லர் அறைச் சுவரில் வழிகாட்டி ஏறியது. திறப்பு விழாவில் இயக்குநர் நாடாவை வெட்டிவிட்டு, “இந்த ரூம்ல இனிமே யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை. நாப்பது நிமிஷம் போதும், என்னையே பாய்லர் ஆளாக்கிடும்” என்றார். பாய்லர்காரர் சுவரோரமாக ஒதுங்கி நின்று இதைக் கேட்டார். அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தன் வேலை திரையில் ஓடுகிறது, இருபத்திரண்டு படிகளாக.

படிகளைப் படித்தபோதுதான் ஏதோ இடித்தது. நான்காம் படி: ஒரு முறை இருமவும். ஒன்பதாம் படி: இடது கையை இடுப்பில் ஊன்றவும். பதினைந்தாம் படி: இடது பக்கம் திரும்பி, ‘கொஞ்சம் தள்ளி நில்லும்மா, சுட்டுடும்’ என்று கூறவும். திருகைத் திறப்பது எந்தப் படியிலும் இல்லை.

பாய்லருக்கு மூன்று ஷிஃப்ட், மூன்று ஆள். மதிய ஷிஃப்ட்காரனுக்கு நெட்டை என்று பேர். கதவில் குனிந்துதான் வருவான். அவனும் இரவு ஆளும் இரண்டே வாரத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள். இருமச் சொன்ன இடத்தில் இருமினார்கள். ஆளில்லாத இடது பக்கம் திரும்பித் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நாளுக்கு ஏழெட்டுத் தடவை இப்படி இருமியதில் தொற்றுத் தடுப்புப் பிரிவுக்குச் சந்தேகம் வந்து, இரண்டு பேரையும் பிடித்து எக்ஸ்ரே எடுத்தது. ‘நெஞ்சில் கோளாறு இல்லை, பயிற்சியால் வரும் இருமல்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இயக்குநர் அந்தச் சீட்டைச் சட்டம் போட்டு மாட்டினார்.

இதற்குள் பாய்லர்காரரின் குரல் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. ஒலிபெருக்கிக்குக் குரல் வேண்டும். கைவசம் தெளிவாகப் பதிவாகி இருந்தது அவருடைய குரல்தான். அந்த ஒரு நாள் பேச்சை வைத்து வழிகாட்டி அவர் குரலில் எதை வேண்டுமானாலும் பேசக் கற்றுக்கொண்டது. சலவைக்கூடத்தில் அவர் மனைவியின் தலைக்கு மேலே நின்றுகொண்டு, “விரிப்புல சுருக்கம் இருக்கு. திரும்பப் போடுங்க” என்றது. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை.

“வேலைக்குப் போனா அங்கயும் நீங்க, வீட்டுக்கு வந்தா இங்கயும் நீங்க,” என்றாள் அவள் ஒரு சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல். “இன்னைக்கு நாள் பூரா எத்தனை தடவை என்னைத் தப்பு சொன்னீங்க தெரியுமா?”

“நான் எங்கடி சொன்னேன்? நான் அந்தப் பக்கம் இருந்தேன்.”

“கொஞ்ச நேரம் பேசாம இருங்க. அந்தக் குரலைக் கேட்டாலே கை தானா விரிப்பைத் தேடுது.”

பத்து நாள் அந்த வீட்டில் சைகையிலேயே காரியம் நடந்தது.

பாய்லர்காரருக்கும் சோதனை வந்தது. எண்பது வாங்கினால் தேர்ச்சி. வாங்காதவர்களைப் பாய்லரிலிருந்து எடுத்துவிட்டு வேறு எங்காவது போடுவார்கள். அவர் வழக்கம்போல வேலை செய்தார். சளி என்றைக்கோ போய்விட்டது, இடுப்பும் சரியாகிவிட்டது. இருமவில்லை, கையை ஊன்றவில்லை, இல்லாத பெண்ணைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. முதலில் திருகைத் திறந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியிலிருந்து அவருடைய குரலே அவரை அதட்டியது: “தேவையில்லாத அசைவு. அஞ்சு மார்க் குறையுது. வேலை தெரிஞ்சவங்களைப் பார்த்துக் கத்துக்கங்க.”

ஐம்பத்தெட்டு மார்க். இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். கோபமாக இல்லை, இரக்கமாகத்தான் பேசினார்.

“முன்மாதிரியோட உங்களை ஒப்பிட்டுப் பார்த்தா ரொம்பத் தூரம் இருக்கே?”

“சார், அந்த முன்மாதிரி நான்தான் சார்.”

“அது அன்னைக்கு இருந்த நீங்க. நான் இன்னைக்கு இருக்கற உங்களைப் பத்திப் பேசறேன். ஒரு நல்ல தொழிலாளி எங்க வழுக்கினார்னு கண்டுபிடிக்கறதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்ணியிருக்கு?”

“அன்னைக்குச் சளி சார் எனக்கு. அதான் இருமினேன். அந்தத் திருகைத் திறந்து பாக்கறதுதான் சார் வேலையே. அதைப் படத்துல விட்டுட்டாங்க. அடைச்சிக்கிச்சுன்னா கண்ணாடி பொய் சொல்லும் சார். பக்கத்துல பதினெட்டுப் பொம்பளைங்க நிக்கறாங்க. என் சம்சாரம் நிக்கறா.”

இயக்குநர் அக்கறையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ‘அறிவுத் திருத்தப் படிவம்’ ஒன்றை எடுத்துக் கொடுத்தார். படியைச் சேர்க்கலாம், தடையே இல்லை. பாய்லர் துறையின் வல்லுநர் கையெழுத்துப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் பாய்லர் வல்லுநர் ஒருவர்தான், இந்தப் பாய்லர்காரர். ஆனால் எண்பது மார்க் வாங்காதவர் வல்லுநராகக் கையெழுத்துப் போடக் கூடாது என்று படிவத்தின் பின்பக்கம் அச்சடித்திருந்தது.

“ஒண்ணு பண்றேன், உங்களுக்காக,” என்று இயக்குநர் தன் கணினியில் முன்மாதிரியிடமே கேட்டுப் பார்த்தார். திருகைத் திறப்பது அவசியமா? திரையில் பதில் வந்தது. ‘முன்மாதிரிப் பணியாளர் இதை ஒரு முறைகூடச் செய்ததில்லை.’

“பாத்தீங்களா? உங்களையே கேட்டுட்டேன். நீங்களே இல்லைன்னுட்டீங்க.”

பாய்லர்காரர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். தான் யாரோடு சண்டை போட வேண்டும் என்பதே அவருக்குப் புரியவில்லை. நடைபாதையில் ஏதோ ஒரு வார்டுக்குள்ளிருந்து அவருடைய குரல் யாரையோ கையை ஒழுங்காகக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுசோதனைக்கு ஒரு மாதம் தவணை. விஷயத்தைக் கேட்டதும் மனைவிக்குப் பழைய கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

“உங்களை எடுத்துட்டா அந்தப் பக்கம் யாரு நிப்பா?”

“நெட்டை நிப்பான்.”

“அவன் அந்தத் திருகைத் திறப்பானா?”

“நூத்துக்கு நூறு வாங்கறவன் ஏன் திறக்கப் போறான்?”

அவள் யோசித்தாள். “அப்போ நீங்க பாஸ் பண்ணியே ஆகணும். சோதனைக்கு அவங்க சொல்ற மாதிரி ஆடிடுங்க. பாஸானப்புறம் நீங்க வல்லுநர். கையெழுத்துப் போட்டுப் படியைச் சேத்துடுங்க.”

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் வீட்டில் பயிற்சி. பீரோ பாய்லர் ஆனது, அதன் கைப்பிடி ஆவிக் குழாய். வழிகாட்டியின் திரையிலிருந்து கைபேசியில் பிடித்து வந்த பழைய பதிவை ஓடவிட்டு அவள் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

“இல்லைங்க. நீங்க இருமிட்டுத்தான் திரும்புவீங்க. திரும்பிட்டு இருமறீங்க.”

“சரி.”

“இன்னும் கொஞ்சம் ஆழமா. நிஜமாச் சளி பிடிச்ச மாதிரி.”

புருஷன் மாதிரி நடந்துகொள்ளப் புருஷனுக்கு அவள் சொல்லிக் கொடுத்தாள். ஒரு நாள் சிரிப்புத் தாங்காமல் இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பீரோவின் கீழே, திருகு இருக்க வேண்டிய இடத்துக்கு அவர் கை தானாகப் போகும். “அது கூடாது, அஞ்சு மார்க்” என்று அவள் கையில் தட்டுவாள். மூன்றாவது வாரம் கை போகவில்லை. அவள் ரொம்பச் சந்தோஷப்பட்டாள்.

நூறு மார்க் வாங்கினார். இயக்குநர் கை குலுக்கி, “இப்பதான் நீங்க உங்க தரத்துக்கு வந்திருக்கீங்க” என்றார். கையெழுத்திட்ட திருத்தப் படிவத்தை நீட்டியபோது அதை அன்போடு வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் திருத்தக் குழு கூடும்.

அதற்கு நாலாவது நாள். காலை ஆறேகாலுக்குச் சலவைக்கூடத்தில் உருளையைப் போடக் கை வைத்தவள் அப்படியே நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. யாரையோ தள்ளி நிற்கச் சொன்னதும் கேட்டது. ‘புஸ்’ கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். தலைக்கு மேலே அவர் குரல், “நீங்க இன்னும் வேலையை ஆரம்பிக்கலை” என்றது. அவள் வேலையைப் போட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பாய்லர் அறைக்கு ஓடினாள்.

“என்னங்க, சத்தம் கேக்கலையே?”

“எந்தச் சத்தம்? இப்பதானே திறந்தேன்.”

“திறக்கலைங்க.”

திறந்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பார். கண்ணாடியைப் பார்த்தார். தண்ணீர் பாதிக்கு நின்றது. பாய்லர் கொதிக்கும்போது கண்ணாடியில் தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். இது ஆடவில்லை. திருகைத் திறந்தார். புஸ்ஸென்று சீறிய ஆவியில் அறையே வெள்ளையாகிவிட்டது. மூடினார். தண்ணீர் திரும்ப ஏறவே இல்லை. தீயை அணைத்தார். இந்த நேரத்தில் பச்சைத் தண்ணீர் விட்டால் வெடித்துவிடும் என்று தெரியும், விடவில்லை. அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து சுவரோரம் உட்கார வைத்தார். அவள் அழ ஆரம்பித்தாள்.

“ஆடாத தண்ணியை நம்பவே கூடாதுடி,” என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். தன் கைதான் தன்னை ஏமாற்றியது என்பது அவரால் தாங்க முடியாமல் இருந்தது.

பாய்லர் ஆறியதும் திறந்து பார்த்தார்கள். கண்ணாடிக்குப் போகும் வழியில் கல் மாதிரிக் கசடு. பாய்லரில் தண்ணீர் அடிமட்டத்தில். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் சுவரும் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கமும் இல்லை.

ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு ஆவி இல்லாமல் போனதால் விசாரணை வந்தது. பாய்லர்காரர் உள்ளபடி எல்லாம் சொன்னார்.

“பாய்லர் வெடிக்கலை,” என்றார் இயக்குநர். “அப்போ பயிற்சி வேலை செஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?”

“பயிற்சியாலதான் சார் மறந்தேன்.”

“மறந்தீங்கன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. எழுதிக்கங்க.” எழுதிக்கொண்டார்கள். “ஆனா அனுபவத்துலேர்ந்து கத்துக்கற நிறுவனம் இது. அந்தச் சம்பவத்தை அப்படியே முன்மாதிரியில சேக்கப் போறோம். பதிவைப் போடுங்க.”

பதிவு ஓடியது. பெண் ஓடி வருகிறாள். சத்தம் கேக்கலையே என்கிறாள். ஆள் கண்ணாடிப் பக்கம் போகிறார். அங்கிருந்து திரை முழுக்க வெள்ளை. ஒன்றரை நிமிடம் வெள்ளை. பிறகு வாசல் தெரிகிறது, சுவரோரம் பெண் உட்கார்ந்து அழுகிறாள்.

“இந்த இடத்துல ஒண்ணும் தெரியலையே?” என்றார் இயக்குநர்.

“அதுதான் சார் வேலை,” என்றார் பாய்லர்காரர்.

“தெரியாததை எப்படிங்க சொல்லிக் குடுக்கறது? அதை வெட்டிடுங்க.”

அனுமதியின்றித் தீயை அணைத்தது எந்தப் படியிலும் இல்லாத செயல் என்பதால் பாய்லர்காரரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே உடைந்த கட்டில்களுக்கு எண் எழுதி ஒட்டும் வேலை. மனைவியைச் சலவைக்கூடத்திலிருந்து மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். ஆவி உருளையில் தொண்ணூற்றாறு மார்க் வாங்குகிறவரை மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

வழிகாட்டியில் இப்போது இருபத்தைந்து படிகள். ஐந்தாம் படி: சலவைக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்து ‘சத்தம் கேக்கலையே’ என்று கேட்கவும். ஆறாம் படி: இயக்குபவர் கண்ணாடிப் பக்கம் செல்லவும். ஏழாம் படி: பெண் சுவரோரம் உட்கார்ந்து அழவும். சலவைக்கூடப் பெண்களுக்கு முறை வைத்து அட்டவணை ஒட்டினார்கள். பிரசவத்துக்குப் போனவளுக்குப் பதிலாக யார் அழுவது என்று அங்கே ஒரு சண்டைகூட வந்தது.

காலை ஷிஃப்ட்டுக்கு நெட்டை வந்தான். ஒன்பது நாள் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. ‘புஸ்’ ஒரு நாளும் கேட்கவில்லை. பத்தாவது நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. உருளையைப் போடாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

“தம்பி, சத்தம் கேக்கலையே?”

நெட்டையின் முகம் மலர்ந்தது. சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.

“நல்ல வேளை வந்தீங்கக்கா! இன்னைக்கு முறைக்காரங்க லீவு. அஞ்சாம் படிக்கு யாரும் இல்லாம முழிச்சிட்டிருந்தேன்.”

“படிக்காக வரலை தம்பி. நிஜமாக் கேக்கறேன். அந்தத் திருகைத் திறந்தியா?”

நெட்டை கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “எனக்கும் தெரியும்க்கா. முன்னாடியெல்லாம் நானும் திறந்தவன்தான். தொட்டா அண்ணனுக்கு ஆன கதிதான் எனக்கும். வீட்ல ரெண்டு குழந்தைங்க.” பிறகு கண்ணாடிப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினான். பச்சை. “இப்ப உக்காந்து அழணும்க்கா.”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். தண்ணீர் பாதிக்கு நின்றது. ஆடவில்லை. எட்டிக் கையை நீட்டினாள். நெட்டை அவசரமாகக் குறுக்கே வந்து, இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, “கொஞ்சம் தள்ளி நில்லும்மா, சுட்டுடும்” என்றான். இடது பக்கம் முதல் தடவையாக நிஜமாகவே ஒரு பெண் நின்றாள். வழிகாட்டி அதற்கும் பச்சை காட்டியது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதற்கும் பச்சை.

“தம்பி, தீயை அணைச்சிட்டு வெளிய வந்துடு. உன் அக்கா சொல்றேன்.”

“வரேன்க்கா. இன்னும் பதினெட்டுப் படிதான் பாக்கி.”

அவள் திரும்பி ஓடினாள். சலவைக்கூடத்தில் நுழைந்து உருளைகளின் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டி அணைத்தாள். “எல்லாரும் வெளிய வாங்க. போட்டது போட்டபடி வாங்க” என்று கத்தினாள். அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. பதினாறு பெண்களும் ஈரக்கையோடு வெளியே வந்து, முற்றத்தைத் தாண்டி மதிலோரம் நின்றார்கள். ஒருத்தி கிடங்குக்குத் தகவல் சொல்ல ஓடினாள். புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது.

ஆளில்லாத சலவைக்கூடத்துக்குள்ளிருந்து அவள் புருஷனின் குரல் கேட்டது. “நீங்க உங்க இடத்துல இல்லை. விரிப்பு அப்படியே கிடக்கு. எல்லாரும் உள்ள வாங்க.”

பிறகு அதே குரலில் ஒரு இருமல்.